இருநூற்றுப் பதினாறு சிவப்பு விளக்குகள்

தான் ஒரு தோட்டக்காரன் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு திங்கட்கிழமை காலையில்தான் தெரியவந்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்ற லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து அவன் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கைபேசி அதிர்ந்தது. எண்ணெய்க் கையைத் தொடையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தான்.

"அன்புள்ள தோட்டக்காரரே" என்று தொடங்கியது மின்னஞ்சல். "உங்கள் வலைப்பூவை எங்கள் புதிய மென்பொருளான நலவிளக்கு பரிசோதித்தது. மலர்ந்த பதிவுகள் இருநூற்றுப் பதினாறு. அவற்றுள் பச்சை விளக்கு பெற்றவை: இல்லை. மஞ்சள்: இல்லை. சிவப்பு: இருநூற்றுப் பதினாறு. வாழ்த்துகள்."

எதற்கு வாழ்த்து என்று கடிதத்தில் விளக்கம் இல்லை. பிறகு நேரில் விசாரித்தபோது, எல்லாக் கடிதத்திலும் அது தானாக வந்துவிடும், அதை எடுக்கிற மென்பொருளை இன்னும் வாங்கவில்லை என்றார்கள்.

அடுத்த வரி, "இன்னும் மலராத மொட்டுகள்" என்று ஆரம்பித்தது. அவன் சட்டென்று பெருவிரலால் திரையை மூடினான். எண் விரலுக்கு அடியில் போயிற்று.

வலைப்பூ அவனுடையது அல்ல, அவன் மனைவியுடையது. அவள் உலர்சலவைக் கடையில் கறை மேசைக்காரி. துணியைப் பார்த்து, என்ன கறை, எத்தனை நாள் கறை, வீட்டில் அதை எப்படியெல்லாம் கெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வியையே கேட்டதால், பதிலை ஒருமுறை எழுதிப் போட்டுவிட்டால் வாய் வலி மிச்சம் என்று ஆரம்பித்ததுதான் 'கறை'. வலைப்பூ வளர்ப்பு மையம் என்கிற நிறுவனம் இடம் கொடுத்தது. கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்க்கிற அவள் தங்கை ஏற்பாடு செய்துகொடுத்தாள்.

அவளுக்கு எதையும் ஐந்து வரிக்கு மேல் சொல்ல வராது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதே "சரி, தேதி சொல்லுங்க" என்றவள். பதிவும் அப்படியேதான்:

"பால்பாயிண்ட் மை. கறைக்கு அடியில் பழைய துணி. மேலே ஸ்பிரிட்டால் ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள். தேய்த்தால் உங்களுக்கும் எனக்கும் வேலை கூடும்."

ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு வாரமும் அவள் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். ஏதோ விளையாடுகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் போய் இரண்டாவது வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, அவன் கைபேசி மணியடித்தது. 'கறை'யில் புதுப் பதிவு. வெள்ளைத் துணியில் மெழுகு பட்டால் என்ன செய்வது என்று நாலு வரி. அடுத்த வியாழன், துரு. அதற்கடுத்த வியாழன், காலர் அழுக்கு. எழுதி, தேதி குறித்து, வரிசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஐந்து மாதமாக அவன் அதை அழுத்தவில்லை. ஒன்றைக்கூட முன்னதாகத் திறந்து படிக்கவில்லை. வியாழக்கிழமை பத்து மணி வரும். அதற்காகத்தான் மற்ற ஆறு நாளையும் அவன் கடந்துகொண்டிருந்தான்.

அவளுக்குப் பின் கணக்கு அவன் பேருக்கு வந்திருந்தது, அதனால் மையத்துக்குத் தோட்டக்காரன் அவன்தான். மையத்தின் உத்தரவு இதுதான். முப்பதாம் தேதிக்குள் ஒவ்வொரு மொட்டையும் திறக்க வேண்டும். படிக்க வேண்டும். பச்சை விளக்கு எரியும்வரை திருத்தி, 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். தவறினால் மொட்டுகள் கவாத்து செய்யப்படும். மையத்தின் அகராதியில் அழிப்பதற்குப் பெயர் கவாத்து.

அவன் பதில் எழுதினான்: "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அரை நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியது துளிர் என்ற உதவி மென்பொருள். உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது என்றது. சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டு, கீழே இரண்டு பொத்தான்களை வைத்திருந்தது. ஒன்று 'ஆம்'. மற்றொன்று 'மிகவும் ஆம்'.

நேரில் போனான். மையம் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. ஏறும்போதே அந்த லிஃப்டின் வழிகாட்டித் தண்டவாளம் எண்ணெய் கண்டு வருஷமாகியிருக்கும் என்று காதில் பட்டது. கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் செடிகள். ஒருவர் அவற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிறுவன விதியில் செடிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறதாம், எந்தச் செடி என்று இல்லையாம்.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாள் தலை நிமிராமல், "எந்தப் பூ?" என்றாள்.

"கறை."

அவள் தலை நிமிர்ந்தது. அவனை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் டோக்கனை நீட்டினாள்.

விளக்கு அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். திரையில் 'கறை'யைத் திறந்து, சிவப்பு விளக்குகளை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். இரங்கல் தெரிவிக்கிற முகத்தோடு விளக்கினார்.

"உங்க வீட்டம்மா எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். அதான் பிரச்சினையே. படிக்கிறவன் வர்றான், விஷயம் கிடைக்குது, போயிடறான். சராசரி பதினோரு வினாடி. பதினோரு வினாடில ஒருத்தன் என்ன சார் படிப்பான்?"

"கறையை எப்படி எடுக்கறதுன்னு."

"அப்புறம்?"

"போய் கறையை எடுப்பான்."

"பாத்தீங்களா, போயிடறான். அவனை நிறுத்தி வைக்கணும் சார். நாலு நிமிஷமாவது. நிறுத்தி வைக்காத பூவுக்கு நாங்க எப்படிப் பச்சை கொடுக்கறது?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தான். இந்த அளவுகோலில் நடுமாடியில் சிக்கிக்கொண்ட லிஃப்ட்தான் உலகத்திலேயே சிறந்த லிஃப்ட்.

அதிகாரி மையத்தின் முன்மாதிரிப் பூவைத் திறந்து காட்டினார். பெயர் 'கறையும் நாமும்'. நூற்றுக்கு நூறு. பக்கமெல்லாம் பச்சை. யார் படிக்கிறார்கள் என்று மெக்கானிக் கேட்டான். மென்பொருள் படிக்கிறது, ஒரு நாளைக்கு நாலு தடவை என்றார் அதிகாரி.

"நீங்க படிச்சீங்களா?"

அதிகாரி முகத்தில் முதன்முறையாக நிஜமான வருத்தம் தெரிந்தது.

"நான் படிக்கக்கூடாது சார். படிச்சா, இது நல்லாருக்கு அது நல்லால்லன்னு தோணிடும். நடுநிலைமை கெட்டுப்போயிடும். பதினஞ்சு வருஷ சர்வீஸ். ஒரு வரி படிச்சதில்ல. வேணும்னா என் ஃபைலைப் பாருங்க."

மொட்டுகளின் எண்ணிக்கையைப் படிக்க அவர் காகிதத்தை எடுத்தார். மெக்கானிக் சொல்ல வேண்டாம் என்றான். எண்ணிக்கை தெரியாமல் எப்படித் திருத்துவீர்கள் என்று அதிகாரி கேட்டார். திருத்தப் போவதில்லை என்றான் அவன். அதிகாரி தலையசைத்துக்கொண்டு, 'பயிற்சி தேவைப்படுகிறது' என்று எழுதினார்.

பயிற்சி அரை நாள். அவனோடு ஒரு முடிதிருத்துபவரும் வந்திருந்தார். கடை விடுமுறையை அறிவிப்பதற்காகவே அவர் ஒரு வலைப்பூ வைத்திருந்தார். அதுவும் முழுச் சிவப்பு. பயிற்சி அம்மையார் திரையில் ஒரு பதிவைப் போட்டு, மோசமான எழுத்துக்கு இது நல்ல உதாரணம் என்றார். மெக்கானிக் படித்தான்.

"ரத்தக் கறை. குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் கூடாது. அவசரப்பட்டால் நிலைத்துவிடும்."

பதிவின் தேதி, அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரம். அன்று தலையணை உறையை அவளே குழாயடியில் பிடித்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அம்மையார் 'பெருக்கு' என்ற மென்பொருளை முடுக்கினார். நாலு வாக்கியம் ஆயிரத்து நானூறு சொற்களாக விரிந்தது. "மனித வாழ்வில் ரத்தம் இன்றியமையாத ஒன்றாகும்" என்று ஆரம்பித்தது. 'ரத்தக் கறையின் வரலாறு', 'ரத்தக் கறையின் பத்துப் பயன்கள்', 'ரத்தக் கறையோடு மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி' என்று துணைத்தலைப்புகள் முளைத்தன. குளிர்ந்த தண்ணீர், ஆயிரத்து முன்னூற்று எண்பதாவது சொல்லில், ஒரு படத்துக்கு அடியில் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அம்மையார் கை தட்டினார். மற்றவர்களும் தட்ட வேண்டும் என்று கையேட்டில் இருந்ததால் தட்டினார்கள்.

முடிதிருத்துபவர் கையைத் தூக்கினார். "மேடம், என் பூவுல 'செவ்வாய் கடை லீவு'ன்னு ஒரே வரி. அதை என்ன பண்றது?"

செவ்வாய் என்றால் என்ன என்று தொடங்கி, ஓய்வின் அவசியம் வழியாக, மெதுவாகக் கடைக்கு வரலாம் என்றார் அம்மையார்.

"வரதுக்குள்ள புதன் ஆயிடும் மேடம். கடையே திறந்திருப்பேன்."

முடிவில் ஆளுக்கு ஐந்து மென்பொருள்கள் கொடுத்தார்கள். கட்டாயமல்ல, போடாவிட்டால் வாயிற்கதவு திறக்காது, அவ்வளவுதான். மெக்கானிக் களைத்திருந்தான். பதிவுகளைத் தொடாமல் இவற்றை மட்டும் போட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, ஐந்தையும் போட்டான்.

முதல் மென்பொருள் வருகிறவர்களை எண்ணியது. எண்ணி முடிக்கிறவரைக்கும் உள்ளே விடவில்லை. பக்கம் திறப்பதற்குள் ஐந்து மாடி படியேறிவிடலாம். இரண்டாவது காவல் மென்பொருள். வாடிக்கையாளர்கள் எழுதிய நன்றிகளையெல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டு, மலிவு விலைக் கைக்கடிகார விளம்பரத்தை மட்டும் உண்மையான கருத்து என்று வைத்துக்கொண்டது. மூன்றாவது நகல் எடுத்தது. நான்காவது அந்த நகலுக்கு நகல் எடுத்தது. ஐந்தாவது என்ன செய்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் மச்சினி தொலைபேசியில் கூப்பிட்டபோது தெரிந்தது.

"மாமா, அக்கா பக்கத்துல என்ன போட்டு வச்சிருக்கீங்க?"

"ஏன்?"

"அம்மா திறந்து பாத்துட்டு மூடப் போனாங்க. 'போகிறீர்களா? எங்களை விட்டுப் போகாதீர்கள்'னு பெருசா ஒரு கட்டம் வருது. அம்மா மூட மாட்டேங்கறாங்க மாமா. போனை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

ஐந்து மாதமாக அவனுக்குள் எதுவும் அசையவில்லை. காரியம் நடந்த அன்றுகூட, தண்டவாளத்தின் இடைவெளியைப் பார்ப்பது போலத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது ஏதோ அசைந்தது. அது கோபம் என்று கண்டுபிடிக்கவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஐந்து மென்பொருள்களையும் பிடுங்கி எறிந்தான். ஒவ்வொன்றும், உறுதியாகவா, நிச்சயமாகவா, யோசித்தீர்களா என்று கேட்டது. கேட்ட ஒவ்வொரு தடவையும் அழுத்தினான். பதினேழு தடவை.

இருபத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதிலும் வாழ்த்துகள் இருந்தன.

மையத்தின் இயக்குநர் அன்று வெள்ளைச் சட்டையில் இருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பசுமை விருது வாங்கிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மையம் அளிக்கிற விருது, மையத்துக்கே கிடைத்திருந்தது. விளக்கு அதிகாரி பக்கத்தில் கோப்போடு நின்றார்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல" என்றார் இயக்குநர். "விதிதான் கட்டாயப்படுத்துது. விதியை நாங்கதான் போடறோம், ஒத்துக்கறேன். ஆனா போட்டப்புறம் எங்களாலயே அதை ஒண்ணும் பண்ண முடியாது. அவ்ளோ வலுவா போடறோம். முன்னெல்லாம் பாருங்க, ஆளாளுக்கு எழுதினான், ஆளாளுக்குப் படிச்சான். ஒரு அளவு இல்ல, முறை இல்ல. இப்போ எழுதறவனும் பயப்படறான், படிக்கிறவனும் வர்றதில்ல. தோட்டம் சுத்தமா இருக்கு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மொட்டுகளை மென்பொருளே திறந்து, பெருக்கி, பச்சையாக்கிவிடும், ஒரே ஒரு கையெழுத்து போதும் என்றார். "உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. மொத்தம் எத்தனை மொட்டுன்னா..."

"சொல்லாதீங்க."

இயக்குநர் நிறுத்தினார். யாரும் அவரை அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. கையெழுத்துக்குப் பேனாவை நீட்டுவதற்காகச் சட்டைப் பையில் கை விட்டார். கை நீலமாக வெளியே வந்தது. பையும் நீலமாகிக்கொண்டிருந்தது.

மணி பதினொன்று நாற்பது. விளக்கு அதிகாரி பதறிப்போய் 'கறையும் நாமும்' பக்கத்தைத் திறக்கப் போனார். திறக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தது. திறந்ததும், செய்திமடலில் சேர்கிறீர்களா என்றது. சேர்ந்தார். நீங்கள் மனிதர்தானா என்றது. ஆம் என்றார். எங்கள் விதிகளை ஏற்கிறீர்களா என்றது. ஏற்றார். "கறை என்பது மனித நாகரிகத்தின் தொடக்கம் முதலே..." என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பதினைந்து வருஷ சர்வீஸில் அவர் படித்த முதல் வரி அது. இயக்குநர் அதற்குள் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் தேய்த்தார். நாணயம் அளவு இருந்தது உள்ளங்கை அளவானது. அதிகாரி விரலால் தள்ளிக்கொண்டே போனார். கறையின் வகைகள் வந்தன. கறை பற்றி அறிஞர்கள் வந்தார்கள். கறை மட்டும் போகவில்லை.

மெக்கானிக் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது. வரவேற்பு அம்மாள், தொலைபேசி துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலும் ஒரு பழந்துணியும் கையில் கொண்டு வந்தாள். இயக்குநரிடம் அனுமதி கேட்கவில்லை. துணியைப் பைக்கு அடியில் கொடுத்து, மேலே ஒற்ற ஆரம்பித்தாள். இயக்குநர் தேய்க்கக் கையைக் கொண்டுபோனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தேய்க்காதீங்க சார். தேய்ச்சா உங்களுக்கும் எனக்கும் வேலை கூடும்."

பத்து நிமிடத்தில், உற்றுப் பார்த்தால் ஒழிய ஒன்றும் தெரியவில்லை. இயக்குநருக்கு மூச்சு வந்தது. எங்கேம்மா படிச்சே என்றார்.

"'கறை'ல சார். வியாழக்கிழமை வியாழக்கிழமை வரும். நம்ம இடத்துலதான் இருக்கு. அஞ்சு வரிக்கு மேல போகாது."

இயக்குநர் தன் சட்டையைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், மெக்கானிக் நம்பினான்.

"பயனுள்ளதுதான்" என்றார் இயக்குநர். "நான் இல்லைங்கல. ஆனா பயன்ங்கறது எங்க மதிப்பீட்டுப் பட்டியல்ல இல்லையே சார். அடுத்த வருஷம் சேர்க்கறதைப் பத்திப் பேசலாம். இப்போ கையெழுத்துப் போடுங்க. வேற பேனா தரச் சொல்றேன்."

மெக்கானிக் எழுந்தான்.

"போட மாட்டேன். அவ எழுதினது, அவ சொன்ன கிழமைல, அவ எழுதினபடியே வரும். ஒரு எழுத்து கூடாது. அதுக்கு முன்னாடி யாரும் திறக்க மாட்டாங்க. நானும்தான்."

"எங்க இடத்துல அப்படி நடக்காது."

"உங்க இடத்துல நடக்கும்னு நான் சொல்லல."

வெளியே வந்தபோது வரவேற்பு அம்மாள் கையில் மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்காமலே பேசினாள். "அமைப்புகள்னு ஒண்ணு இருக்கும். அதுல ஏழாவது மெனு, 'மற்றவை'. கடைசில சாம்பல் கலர்ல, கண்ணுக்கே தெரியாம ஒரு பொத்தான். அழுத்தினீங்கன்னா எல்லாம் ஒரே கோப்பா வெளிய வந்துடும். மொட்டும் தேதியோட வரும். இன்னைக்கே பண்ணிடுங்க, நாளைக்குக் கவாத்து."

"எப்படித் தெரியும்?"

"என்னுதையும் அப்படித்தான் எடுத்துட்டுப் போனேன்."

மச்சினி அன்று மத்தியானமே வந்துவிட்டாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு தேடினாள். பொத்தான் இருந்தது. அழுத்தியதும் மறுபேச்சில்லாமல் கோப்பு இறங்கியது. ஐந்து வருஷ எழுத்து, ஒரு புகைப்படத்தைவிடச் சின்னதாக இருந்தது. வேறோர் இடத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிற ஒரு மென்பொருளை நிறுவினாள். அதில் விளக்கு இல்லை. எழுதியதைக் காட்டும், குறித்த நேரத்தில் வெளியிடும், அவ்வளவுதான். கோப்பை அதில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் திரையின் ஓரத்தில் ஓர் எண் வந்தது. மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு கருவிப் பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து அவளிடம் நீட்டினான். அவள் அதை எண்ணின் மேல் ஒட்டினாள்.

"நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா."

"சொல்லாத."

"சொல்லல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அக்காவுக்குத் தட்டெழுத்து இவ்ளோ வேகம்னு தெரியாது. அத மட்டும் சொல்லிக்கறேன்."

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவன் நீலச் சட்டை தொங்கியது. இடது கையில் டீக் கறை. போன வருஷம் அவன்தான் கொட்டிக்கொண்டான். அவள் இரண்டு தடவை கடைக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தாள். அவள் போனபின் அவன் அதைத் தொடவில்லை.

புது முகவரியை வரவேற்பு அம்மாளுக்கும் சொல்லியாயிற்று. மையத்தின் கணக்கை மூட வேண்டியது பாக்கி. மூடும் பொத்தானை அழுத்தியதும் ஒரு படிவம் வந்தது. ஏன் போகிறீர்கள்? குறைந்தது முன்னூறு சொற்கள். அவன் "வேண்டாம்" என்று எழுதினான். சிவப்பு. இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது சொற்கள் தேவை என்றது படிவம். அவன் எழுதினான்: வேண்டாம் வேண்டாம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மச்சினி எண்ணினாள். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்து எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். முன்னூறாவது 'வேண்டாம்' விழுந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. "மிகச் சிறப்பு. முதன்மைச் சொல் போதுமான அளவு வந்திருக்கிறது. இந்த மாதத்தின் முன்மாதிரி எழுத்தாக உங்கள் கருத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வாழ்த்துகள்."

'கறை' மையத்தில் வாங்கிய ஒரே பச்சை அதுதான்.

வியாழக்கிழமை. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. அவன் பன்னிரண்டாவது மாடியில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தான். புது இடம். மச்சினி நேரம் சரியாக வைத்திருக்கிறாளா, தேதி மாறிப் போயிருக்குமா, எதுவும் தெரியாது. கையில் ஸ்பானர் இருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

பத்து மணிக்குக் கைபேசி அடித்தது.

"டீக் கறை, பழசு. நீலச் சட்டை, இடது கை. வினிகர், எலுமிச்சை, சோடா எல்லாம் பார்த்தாச்சு. போகாது. சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாம்."

அவன் படித்தான். பதினோரு வினாடிகூட ஆகவில்லை. கீழே ஒரு கருத்து அதற்குள் வந்திருந்தது. பெயர் போடும் இடத்தில் 'வரவேற்பு' என்று மட்டும் இருந்தது. "சரி" என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் நீலச் சட்டையில் வேலைக்குப் போனான். மேற்பார்வையாளர் கையைக் காட்டி, அது என்னப்பா, துவைக்கக் கூடாதா என்றார்.

"போகாது சார்" என்று சொல்லிவிட்டு, அவன் லிஃப்டின் மேல் ஏறினான்.